ஆடிக்கு முன் கட்டிய தாலி

விவாகரத்து வழக்குகளில் நான் கண்டதைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். சட்டப் பரீட்சை பாஸ் பண்ணி இப்போதுதான் கறுப்புக் கோட் தைப்பித்திருக்கும் பிள்ளைகள் நீங்கள். வென்ற வழக்கு ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு உற்சாகமாக இருக்கும், எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆனால் வென்ற வழக்குகளில் நான் படித்தது ஒன்றுமில்லை. வென்ற அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்ததுதான் ஞாபகம். மனு எழுதுவதும் அழைப்பாணை அனுப்புவதும் புத்தகத்தில் இருக்கிறது, அதை நான் சொல்லத் தேவையில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேட்டு முடியும்போது மனம் கனத்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. அப்போது எங்களைப்போல மனு எழுதி வழக்கு நடத்தும் சட்டத்தரணிகளுக்குப் பிறக்கிராசிமார் என்று பெயர். பெரிய வழக்கென்றால் பேசுவதற்கு அப்புக்காத்துமாரைப் பிடிப்போம், சின்ன வழக்கென்றால் நாங்களே எழும்பிப் பேசுவோம். எனக்குப் புதுக்கடையில் கோட்டுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு, எதிரே ஒரு சின்னக் கந்தோர், அலுவலகம், இருந்தது. வீடு வெள்ளவத்தையில். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் குடும்ப வழக்குகள் பெரும்பாலும் என்னிடம்தான் வந்தன. என் கெட்டித்தனத்துக்காக அல்ல. ஒருவர் வீட்டுக் கதையை இன்னொருவர் வீட்டில் சொல்லாதவன் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

விவாகரத்துக் கேட்டு அந்த நாளில் ஒருவரும் தனியே வரமாட்டார்கள். தகப்பன் வருவார், தமையன் வருவார், கலியாணம் பேசி வைத்த மாமன் தலையைக் குனிந்துகொண்டு வருவார். வழக்குக்காரி மட்டும் வரமாட்டாள். அவளை ஏன் இதற்குள் இழுப்பான் என்பார்கள். அவளுடைய புருசன், அவளுடைய வழக்கு, அவளை இழுக்காமல் எப்படி நடத்துவது என்று கேட்டால் எனக்கு மரியாதை தெரியாது என்று முகத்தைத் திருப்புவார்கள்.

சின்னத்தம்பியரும் அப்படித்தான் வந்தார். ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் கிட்டிய வீடு. ரயில் பிந்தினால் அவர் முகம் அப்போதும் சுருங்கும் என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். அவருடைய ஒரே மகள் புவனேஸ்வரி. அவளைக் கட்டியவன் இராசநாயகம், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆவதற்குள் கொட்டாஞ்சேனையில் ஒருத்தியோடு போய் இருந்துவிட்டான். பிறகு நாலு வருசமாக இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமிருந்தது. புருசன் வேறொருத்தியோடு வாழ்ந்தாலோ வேண்டுமென்று விட்டுவிட்டுப் போனாலோ பெண் விவாகரத்துக் கேட்கலாம். இவன் இரண்டையும் செய்திருந்தான். அழைப்பாணை கொண்டுபோன ஆளிடம், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்று சொல்லி அனுப்பினானாம். நல்ல செய்தி என்று நினைப்பீர்கள். எனக்கு அது பயத்தைத் தந்தது. இரண்டு பேரும் ஒற்றுமையாகக் கதைத்துப் பேசிப் பிரிய வந்திருக்கிறார்கள் என்று மணம் பிடித்தால் ஜட்ஜ் துரை வழக்கைத் தூக்கி எறிந்துவிடுவார். ஒருவர் மற்றவரைக் கடித்துக் குதறினால்தான் சட்டம் பிரித்து வைக்கும். ஒற்றுமையாகப் பிரிய விரும்புகிறவர்களை அது சேர்த்தே கட்டி வைக்கும். இந்தத் தொழிலில் நீங்கள் சிரிக்கவேண்டிய இடங்கள் இப்படிச் சில உண்டு, சிரிப்பு வராது.

அவன் கோட்டுக்கு வரவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் வந்து சாட்சி சொன்னார். புவனேஸ்வரியும் சாட்சிப் பெட்டியில் ஏறினாள். மெல்லிய பெண், குரல் மட்டும் தெளிவு. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், அழவில்லை. வைகாசி மாதத்தில் முதல் டிகிரி, அதாவது முதல் தீர்ப்பு, கிடைத்தது.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். முதல் டிகிரி விவாகரத்து அல்ல. விவாகரத்துத் தரலாம் என்று கோடு சொல்கிற வார்த்தை, அவ்வளவுதான். மூன்று மாதம் போனபின் முழு டிகிரி வரவேண்டும். அதுவரைக்கும் அவள் அவன் பெண்சாதிதான். அந்த மூன்று மாதத்துக்குள் யாராவது வந்து, இந்த வழக்கில் மறைத்த விசயம் இருக்கிறது, இவளுடைய நடத்தையும் சரியில்லை என்று காட்டினால் முதல் டிகிரி கிழிந்துபோகும். நான் இதைக் கந்தோரில் வைத்து ஒவ்வொருவருக்கும் படித்துப் படித்துச் சொல்வேன்.

அன்றைக்குக் கோட்டு விறாந்தையில் வைத்து அவள் என்னிடம் முதன்முதலாகத் தானாக ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, இந்தத் தாலியை இப்பக் கழட்டுறதோ, முழு டிகிரி வந்தாப் பிறகு கழட்டுறதோ?" நான் எத்தனையோ சட்டப் புத்தகம் வைத்திருந்தேன், அதற்கு ஒன்றிலும் விடை இல்லை. பொறுத்துக் கழற்றும்படி சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

இரண்டு கிழமை, பதினாலு நாள்கூடப் போயிருக்காது, சின்னத்தம்பியர் பட்டுச் சால்வையும் தானுமாகக் கந்தோருக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்க்கும் சபாரத்தினம் என்பவர் லீவில் வந்திருக்கிறாராம். பெண்சாதி செத்தவர், பிள்ளை இல்லை. புவனேஸ்வரியின் கதை முழுவதும் தெரிந்தும் சம்மதித்துவிட்டாராம். எங்கள் ஆட்களுக்குள் புருசன் விட்டுப்போன பெண்ணை ஒருவன் கேட்டு வருவது அந்த நாளில் நடக்கிற காரியமா? கடல் கடந்து போய்விட்டால் ஊர் வாயும் எட்டாது. கிழவர் சந்தோசப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் லீவு ஆனி மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு கப்பல் ஏறவேண்டும். அடுத்தது ஆடி, ஆடியில் நல்ல காரியம் செய்யமாட்டோம். முழு டிகிரி வருவதோ ஆவணியில். ஆகவே ஆனிக்குள் தாலியைக் கட்டிவிடுவது, ஆவணியில் டிகிரி வந்ததும் அவளைக் கப்பலேற்றி அனுப்புவது, மலாயாவில் எழுத்து வைப்பது என்று அவர் திட்டம் போட்டிருந்தார். எழுத்து என்று எங்கள் ஆட்கள் சொல்வது கலியாணப் பதிவை.

நான் கூடாது என்றேன். அவர் சிரித்தார்.

"பிறக்கிராசியார், நான் எழுத்து வைக்கப் போறன் எண்டு சொல்லேல்லை. எழுத்து கவுண்மேந்தின்ரை. தாலி எங்கடை. ஐயர் வந்து கட்டுவிக்கிற தாலியைப் பற்றிக் கவுண்மேந்துக்கு என்ன தெரியும்?"

இது அவர் ஒருவருடைய பிழை அல்ல. யாழ்ப்பாணத்தாரில் பாதிப்பேர் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார்கள். தாலி கடவுளுக்கு, எழுத்து அரசாங்கத்துக்கு என்று இரண்டு பெட்டியில் பிரித்து வைத்திருந்தார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. எங்கள் வழக்கப்படி சடங்கு செய்து, அக்கினிக்கு முன் தாலி கட்டினால், எழுத்து இல்லாவிட்டாலும் அதுவே கலியாணம். புருசன் இருக்கும்போது இன்னொரு கலியாணம் செய்தால் மறியலுக்கு, சிறைக்கு, போகவும் வழியுண்டு. முதல் டிகிரியும் போய்விடும். இதையெல்லாம் அவருக்குப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். கடைசியில், தம்பி நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுறியள் என்றார். என்னைப் பிறக்கிராசியார் என்று தொடங்கித் தம்பி என்று முடித்தபோதே என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கட்சிக்காரர் ஒருவர் ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டால் அவர் விடை தேடவில்லை, உடந்தை தேடுகிறார். சின்னத்தம்பியர் என் கந்தோரால் இறங்கி, கோட்டு வாசலில் பெற்றிசம், அதாவது மனு, எழுதிப் பிழைக்கும் ஒருவரிடம் போனார். அந்த மனுசன் தாலியைப் பற்றிக் கோடு கேட்காது என்று அவருக்குத் தேனாகச் சொல்லியிருக்கிறான்.

எனக்கு அது காதில் விழுந்ததும் மகளை அனுப்பும்படி சொல்லிவிட்டேன். அவள் சின்னம்மா ஒருத்தியோடு வந்தாள். தகப்பனுக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். அவளைக் கொண்டே திருப்பிச் சொல்லுவித்தேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பிறகு, சபாரத்தினத்தார் ஆவணி மட்டும் லீவை நீட்டிக்க ஏலாதோ என்று நான் கேட்டதற்கு, அவர் கேட்டுப் பார்த்தவர், துரை மறுத்துவிட்டான் என்றாள். அவர் பேரைச் சொல்லாமல் அவர் என்று சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. அதைக் கண்டு எனக்குப் பயம் வந்தது. வற்புறுத்தப்படுகிற பெண்ணைக் காப்பாற்றலாம். இவளுக்கும் அந்த மனுசனைப் பிடித்துவிட்டது.

தாலி கட்டினார்கள். எனக்குத் தெரியாமல்தான் கட்டினார்கள். அயலுக்குத் தெரியக்கூடாது என்று மேளம் இல்லை, பந்தல் இல்லை. வெள்ளவத்தையில் தெரிந்த ஐயரைக் கூப்பிட்டால் கதை வெளியே போய்விடும் என்று பயந்து, ஐயரையும் சமையல்காரரையும் தூரத்திலிருந்து பிடிக்க யோசித்திருக்கிறார்கள். எங்கேயிருந்து பிடித்தார்கள் தெரியுமா? கொட்டாஞ்சேனையிலிருந்து. அயலுக்கு ஒளிக்கப் போய், எந்த மனுசனுக்கு முக்கியமாக ஒளிக்கவேண்டுமோ அவன் இருக்கிற தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பூனைக்கு ஒளித்த பாலைப் பூனை படுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி. அயல் என்றால் அவர்களுக்கு வெள்ளவத்தை மட்டும்தான். மரியாதை போவதென்றால் அங்கேதான் போகவேண்டும் என்ற எண்ணம்.

சபாரத்தினம் மூன்று கிழமை அந்த வீட்டில் இருந்துவிட்டுக் கப்பலேறினார். இராசநாயகத்தின் ஆட்சேபணை மனு ஆடி மாதத்தில் என் கந்தோருக்கு வந்தது.

நாலு வருசமாகத் திரும்பிப் பாராதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். நானும் அவனிடமே கேட்டேன், கோட்டு விறாந்தையில் தனியே அகப்பட்டபோது. அவன் ஒளிக்காமல் சொன்னான். "எனக்கு அவ தேவையில்லை. ஆனா நான் உயிரோடை இருக்கேக்கை இன்னொருத்தன் தாலி கட்டி என்னைப் பேயனாக்கேலாது." தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கற்பட்டடை நாய் என்று சொல்வார்களே, அந்தச் சாதி. அவனைத் திட்டித் தீர்க்க எனக்கு ஆசைதான். ஆனால் சட்டம் அவன் பக்கம் நின்றது.

சின்னத்தம்பியர் ஓடிவந்தார். மனுசன் பாதியாகப் போயிருந்தார். ஆனாலும் வழி ஒன்று வைத்திருந்தார். ஐயரை இந்தியாவுக்கு யாத்திரை அனுப்பிவிட்டார்களாம். சமையல்காரன் சடங்கு நடந்த அறைக்குள் வரவில்லையாம். படம் பிடிக்கவில்லை. மகள் பெட்டியில் ஏறித் தாலி கட்டவில்லை, விருந்தாளி ஒருவருக்குச் சாப்பாடு கொடுத்தோம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு பெரிய மனுசன் என்னைக் கும்பிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்யெண்டு சொல்லுவினம். நான் ஒரேயொரு பொய்தானே தம்பி சொல்லச் சொல்லுறன்."

பொய்ச் சத்தியம் செய்யவென்று தெரிந்துகொண்டு ஒருத்தியை நான் பெட்டியில் ஏற்றமாட்டேன், வேறு பிறக்கிராசியைப் பாருங்கள் என்றேன். நல்லவன் என்று காட்ட நான் இதைச் சொல்லவில்லை. எனக்குள்ளேயும் அப்போது ஒரு குரல் இருந்தது. நாசமாய்ப்போன மூன்று மாதம், இல்லை என்று ஒரு சின்னச் சொல், அதோடு ஒரு பெண் பிழைத்துப்போவாள் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் சொல்லும். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறவாதீர்கள். அந்தப் பொய் இன்றைக்கு வென்றாலும், பிறகு வெளிப்படுகிற நாளில் அதைச் சுமக்கப் போவது யார் என்று மட்டும் யோசியுங்கள். பெட்டியில் நிற்பது தகப்பனும் அல்ல, நீங்களும் அல்ல.

வழக்குத் தவணை அன்று காலை அவர்கள் வேறு ஆளைப் பிடிக்காமலே வந்தார்கள். புவனேஸ்வரி தகப்பனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, விறாந்தைத் தூணோரம் என்னைக் கூப்பிட்டாள். தான் பிள்ளைத்தாச்சி என்றாள். அதைத் தாய்க்கும் சின்னம்மாவுக்கும் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். தாலி கட்டியது உண்மை என்று சொன்னால் முதல் டிகிரி போகும், நீ இராசநாயகத்தின் பெண்சாதியாகவே இருப்பாய். பெண்சாதியாக இருக்கும்போது பிறக்கிற பிள்ளை சட்டத்தில் அவன் பிள்ளைதான், வேறு பேர் போட இடமில்லை. இல்லை என்று சொன்னால், ஒருவேளை ஆவணியில் முழு டிகிரி கிடைக்கும், பிள்ளை பிறக்க முன்னம் சபாரத்தினத்தாரோடு எழுத்து வைக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லப்போகிறாய் என்றால் நான் உனக்குப் பக்கத்தில் நிற்கமாட்டேன். இதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன்.

அவள் கனநேரம் யோசிக்கவில்லை. முதலே யோசித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"நீங்கள் சொன்னதை நான் வீட்டிலை சொன்னனான், ஐயா. சட்டம் என்ன சொல்லுதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. வந்து இருக்கிற மனிசனை எழுப்பி அனுப்பப் போறியோ எண்டுதான் கேட்டவை. எனக்கும் அனுப்ப மனம் வரேல்லை." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு சொன்னாள். "தாலி கட்டேல்லை எண்டு நான் சத்தியம் பண்ணினா, அப்ப இந்தப் பிள்ளை எங்கையிருந்து வந்தது?"

அதற்கு மறுமொழி உங்களிடம் இருந்தால் நீங்கள் என்னிலும் கெட்டிக்காரர்.

பெட்டியில் முதலில் ஏறியவன் இராசநாயகம். இவள் இப்பவும் என் பெண்சாதி, எனக்குத் தெரியாமல் வேறொருவன் தாலி கட்டியிருக்கிறான் என்று சத்தியம் செய்து சொன்னான். பிறகு இவள் ஏறினாள். எதிர்ப்பக்க அப்புக்காத்து பெரிய ஆயத்தத்தோடு எழும்பினார். ஐயர், சமையல்காரன், விருந்து என்று சுற்றிச் சுற்றி வளைக்க ஒரு மணித்தியாலக் கேள்வி வைத்திருந்திருப்பார். முதல் கேள்வியே போதுமாயிற்று. ஆனி மாதத்தில் யாராவது உமக்குத் தாலி கட்டினார்களா என்றார். ஓம் என்றாள். யார் என்று அவர் கேட்க முன்னமே, சபாரத்தினம் கட்டினவர், அக்கினிக்கு முன்னால் எல்லாச் சடங்கும் செய்துதான் கட்டினவர் என்று அவளே சொன்னாள். அப்புக்காத்து மற்றக் கேள்விகளை மடித்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ஜட்ஜ் துரை கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் பொலிசுக்கு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அந்த ஒரு இரக்கத்துக்கு மேலே சட்டம் அவரை விடவில்லை. முதல் டிகிரியைத் தள்ளுபடி செய்தார். பின்வரிசை வாங்கில் இருந்த சின்னத்தம்பியர் எழும்பி வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் என் கந்தோர்ப் படி ஏறவில்லை. தெருவில் கண்டாலும் மற்றப் பக்கத்தால் போவார். மகளைக் கெடுத்தது என் பிடிவாதம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. புருசன் இருக்கும்போது கட்டிய தாலி என்றபடியால் அந்த இரண்டாம் கலியாணம் சட்டத்தில் செல்லாது. செல்லாத கலியாணம் சபாரத்தினத்தைக் கட்டாது, அவர் எப்போதும்போல இன்னொருத்தியைக் கட்டத் தடையில்லாத மாப்பிள்ளை. ஆனால் அவளுடைய வழக்கை உடைக்க மட்டும் அதே தாலி போதுமாயிருந்தது. ஒரே தாலி, அவளுக்கு விலங்கு, அவருக்கு ஒன்றுமேயில்லை. சபாரத்தினம் கெட்டவர் அல்ல. கொஞ்சக் காலம் கடிதம் எழுதினார். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடிதமும் குறைந்தது. அடுத்தவன் பெண்சாதிக்காக எவ்வளவு காலம் காத்திருப்பாய் என்று அவருடைய தமக்கை பிடித்துக்கொண்டாளாம். ஊரில் ஒரு பெண்ணைப் பேசி மலாயாவுக்கே அனுப்பி வைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது புவனேஸ்வரிக்குப் பிள்ளை பிறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பெண் பிள்ளை.

பிறப்புப் பதியப் போனபோது அவள் சபாரத்தினத்தின் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். பதிவுகாரர் முடியாது என்றுவிட்டார். நான் சொன்னதுதான் நடந்தது. தகப்பன் பேர் இராசநாயகம் என்று விழுந்தது.

அதற்குப் பிறகுதான் இராசநாயகம் என் கந்தோருக்கு வந்தான். கொட்டாஞ்சேனைக்காரிக்கு இந்தக் கதை எப்படியோ எட்டி, வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். எவனோ ஒருவனுடைய பிள்ளைக்குத் தன்னுடைய பேரை எப்படிப் போடலாம் என்று மேசையில் அடித்தான். எனக்கு அப்போது உண்டான சந்தோசம் நல்ல சந்தோசம் அல்ல. ஆனால் உண்டானது உண்மை.

"நீர்தானே ஐசே பெட்டியிலை ஏறி, இவ என்ர பெண்சாதி எண்டு சத்தியம் பண்ணினீர். பெண்சாதி பெறுகிற பிள்ளைக்குப் புருசன்ரை பேரைத்தான் போடுவினம்" என்றேன்.

அவன் நின்று யோசித்தான். அந்த மூளைக்கு விசயம் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அடுத்த மாதம் அவனே வழக்குப் போட்டான். என் பெண்சாதி வேறொருவனோடு வாழ்ந்தாள், விவாகரத்து வேண்டும், அந்தப் பிள்ளையும் என்னுடையது அல்ல என்று. சாட்சி தேடி அவன் அலையவில்லை. அவள் பெட்டியில் நின்று சொன்னதே இருந்தது, நாலு வருசம் அவன் அவளோடு இல்லை என்று கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் முதல் வழக்கில் சொன்னதும் இருந்தது.

அவள் என்னைத்தான் தனக்காக நிற்கக் கேட்டாள். எதிர்த்து நிற்கலாம் என்றேன். இவ்வளவு காலம் கொட்டாஞ்சேனையில் குடும்பம் நடத்துகிறவனுக்குக் கேட்க என்ன யோக்கியதை என்று ஒரு மூச்சுப் பேச எனக்கு விருப்பமும் இருந்தது. அவள் வேண்டாம் என்றாள். நான் வழக்குப் போட்டும் வராத விடுதலை அவன் போட்டு வரட்டும் என்றாள்.

விட்டுவிட்டுப் போனவன் அவன். ஆனால் தீர்ப்பில் குற்றவாளி அவள். முதல் டிகிரி அவன் கேட்டபடியே விழுந்தது. பிள்ளைக்கு இருந்த தகப்பன் பேரும் அந்தத் தீர்ப்போடு போயிற்று. அந்த நாளில் அவளைக் கேட்டு வர ஒருவரும் இல்லை. கப்பலும் இல்லை, லீவும் இல்லை.

வெளியே விறாந்தையில் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பழக்கதோசத்தில், இது முதல் டிகிரிதான், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதுவரைக்கும் ஒன்றும் செய்துபோடாதே என்று தொடங்கினேன். சொல்லிக்கொண்டு போகும்போதே என் வாய் எனக்குக் கசந்தது. அவள் கோபிக்கவில்லை. பிள்ளையை மற்றப் பக்கத்து இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் இனி என்ன செய்யப்போறன், ஐயா?" என்றாள்.